அணைந்த கை

என் தம்பிக்குச் சளி பிடித்ததிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். ஊரில் கேட்டால் எல்லோரும் திருவிளக்கு அணைந்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள் நடந்தது எனக்குத்தான் தெரியும்.

தோரிமோன் வால்சேருக்குத் திரும்பி வந்தது ஆப்பிள் பறித்து முடிந்த சமயம். உள்ளங்கையில் வெளிச்சத்தோடு பிறந்தவன் என்று ஒன்பது வயதில் அவனைத் திருவீரனாக்க வெண்கரச் சபை கூட்டிக்கொண்டு போனது. நாற்பதைத் தாண்டித் திரும்பி வந்தான். கவசம் ஒரு சாக்குக்குள் கிடந்தது. குதிரை அவனைவிடக் களைத்திருந்தது. திருவீரர் வந்திருக்கிறார் என்று தெருவே முழங்கால் போட்டது. நான் மட்டும் வாசலில் நின்று, “காலைத் துடைச்சிட்டு உள்ள வாடா” என்றேன். ஊருக்கு அவன் திருவீரர். எனக்குப் பின்னால் பிறந்தவன்தானே எனக்கு?

வந்த மூன்றாம் நாள் காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது.

“அக்கா, என் தலைக்குள்ள ஏதோ உருகி மூக்கு வழியா வருது. நான் சாகப்போறேன்னு நினைக்கிறேன். உனக்கு ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு.”

“மூக்கைச் சிந்துடா.”

“சிந்தறதுன்னா எப்படி?”

நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்து மாவுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொள்ளைநோய் பிடித்த ஊர்களுக்குள் நடந்துபோய் ஆயிரம் பேரைத் தொட்டு எழுப்பியவன், ஒரு தும்மலுக்குப் பயந்து என் முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. திருவீரர்களுக்குச் சளி பிடிக்காது. காய்ச்சல் வராது. நெருப்புகூடச் சுடாது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“கையைக் காட்டு” என்றேன்.

காட்டினான். சின்ன வயதில் அந்த உள்ளங்கையின் வெளிச்சத்தில்தான் நானும் அவனும் வைக்கோல் போருக்குள் புகுந்து வாத்து முட்டை தேடுவோம். இப்போது அது வெறும் கை. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. அது இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அத்தனை வருஷம் அதை வெளிச்சம் மறைத்திருந்தது.

“எப்போடா?”

“அறுவடைக்கு முன்னாடி. ஒருநாள் காலையில கையுறையை மாட்டினேன், உள்ள இருட்டா இருந்துச்சு. கையுறைதான் மாறிப்போச்சுன்னு நினைச்சு இன்னொருத்தனோட சண்டை போட்டேன்.”

“என்ன பண்ணித் தொலைச்ச?”

“அதாங்க்கா தெரியலை.”

அவன் யோசிக்காமல் இல்லை. நோன்பு நாளில் ஒரு முட்டை தின்றானாம். இன்னொரு வீரனின் குதிரை நொண்டினால் நன்றாயிருக்கும் என்று ஒரு தரம் நினைத்தானாம். ஜெபத்தில் தூங்கியிருக்கிறான், பலமுறை. எல்லாவற்றையும் சபைத் தலைவரிடம் போய் ஒப்பித்திருக்கிறான். அவரோ, ‘இதுக்கெல்லாம் போகாது, பெரிசா எதையாவது யோசி’ என்றாராம். யோசித்து யோசித்துப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், ‘வீட்டுக்குப் போ, யார்கிட்டயும் மூச்சு விடாதே, என்ன பாவம் பண்ணினன்னு தெரிஞ்சதும் திரும்பி வா’ என்று அனுப்பிவிட்டார்கள்.

பாவத்தைத் தேடுவதற்கு லீவு கொடுத்து அனுப்பியவர்களை என்ன சொல்ல? வெங்காய சூப்பில் மிளகு கூடப் போட்டுக் கொடுத்தேன். நாக்கு எரிகிறது என்று அதற்கும் பயந்தான்.

ஒவ்வொரு நாளும் ஒரு குழப்பம். பசி வந்தால் வயிற்றுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்பான். புதுச் செருப்பு கடித்தால் அதை யாரோ சபித்துவிட்டார்கள் என்பான். ஊர் அடுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. பெண்கள் எல்லாரும் பிசைந்த மாவை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒருநாள் உதவி செய்கிறேன் என்று வந்தவன், ரொட்டி எடுக்கும் மரத்துடுப்பு சுவரில் சாத்தியிருக்க, அடுப்புக்குள் வெறும் கையை விட்டு ரொட்டியை எடுத்தான். சின்ன வயதில் அப்படித்தான் எடுப்பான். ரொட்டியைக் கீழே போடவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதைப் பிடித்தபடியே என்னைப் பார்த்து, “அக்கா, இது என்னக்கா? இது என்ன?” என்று கேட்டான். நான்தான் தட்டிவிட்டேன்.

வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வாத்துக் கொழுப்பு தடவித் துணி சுற்றினேன். அவன் அழுதான். வலியில்தான் அழுகிறான் என்று நினைத்தேன். “இவ்வளவு வலிக்குமா? என்கிட்ட வந்தவங்களுக்கெல்லாம் இவ்வளவு வலிச்சுதா? நான் வரிசையில நில்லுங்கன்னு சொன்னேனே” என்றான்.

அந்தக் கட்டு அவிழ்வதற்குள் திருவிளக்கு அணைந்தது.

கோயிலில் எரிந்தது அந்த விளக்கு. என் அம்மா பிறப்பதற்கு முன்னால் ஒரு திருவீரர் தன் உள்ளங்கையால் ஏற்றியது. கை வெளிச்சத்தால் மட்டுமே ஏற்றலாம், அடுப்பு நெருப்பு ஆகாது. அன்று ராத்திரி கோயிலில் இருந்தவள் யோலந்த் ஒருத்திதான். கம்பளி நூல் நூற்பவள். கோடையில் அவள் புருஷன் ஆட்டைத் தேடிப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனான். அவனுக்காகக் கண்விழித்து ஜெபிக்கப் போயிருந்தாள். விடிகிறபோது அவளேதான் ஓடிவந்து மணியை அடித்தாள். “விளக்கு போயிடுச்சு” என்றாள். ஊர்த்தலைவர் கோந்த்ரான் அவளை மணிக்கூண்டிலேயே பூட்டினார்.

எங்கள் பள்ளத்தாக்கில் வழக்கு என்றால் கை. சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. குற்றம் சுமத்தப்பட்டவர் திருவீரரின் வெறும் உள்ளங்கையில் தன் கையை வைத்து, செய்தேன் என்றோ செய்யவில்லை என்றோ சொல்ல வேண்டும். வழக்கு நேரத்தில் திருவீரர் கை வெளிச்சத்தை அடக்கி வைப்பார்; உண்மையானால் அது தானாகவே எழும்பும். பொய்யானால் இருட்டாகவே இருக்கும். மூன்று தலைமுறையாக இப்படித்தான். வழக்கில் எதையாவது கேள்வி கேட்பது கையை அவமதிப்பது போல. கோந்த்ரானுக்குத் தாடி நரைத்துவிட்டது. ஊர்த்தலைவராக இருந்த இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் ‘ஏன்’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

விளக்கை அணைத்தவர் பனித் திருநாள் மணி அடிக்கும்போது ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது. இதுவும் சட்டம்தான். கை அவளுக்காகச் சாட்சி சொல்லாவிட்டால் அவளைக் கணவாய் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். பனித் திருநாளன்று கணவாயில் இடுப்பளவு பனி கிடக்கும். அப்படிப் போனவர்கள் மறுபக்கம் சேர்ந்தார்கள் என்று இதுவரை ஒரு செய்தியும் வந்ததில்லை.

கோந்த்ரான் அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“சாமி, நல்ல காலம், நீங்க ஊர்ல இருக்கீங்க. ஒரு நிமிஷம் வந்து கையை வெச்சீங்கன்னா அவ வழக்கையும் முடிச்சிடலாம், விளக்கையும் ஏத்திடலாம்.” அப்போதுதான் துணிக்கட்டைப் பார்த்தார். “கையில என்ன சாமி?”

தோரிமோன் வாயைத் திறந்தான். சபை மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறது. பொய் சொல்லவும் அவனுக்குத் தெரியாது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“விரதம். பனித் திருநாள் வரைக்கும் வலது கையைத் திறக்கிறதில்லைன்னு ஆண்டவர்கிட்ட வாக்கு கொடுத்திருக்கான்.”

கோந்த்ரான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். “அப்படின்னா திருநாளன்னைக்கே வெச்சுக்கலாம்” என்று போய்விட்டார்.

தோரிமோன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ பொய் சொன்ன.”

“ஆமா.”

“என் கைக்கு ஒண்ணுமே தெரியலை. குறுகுறுன்னுகூட இல்லை. இவ்வளவு சுலபமா சொல்ல முடியுமா?”

“பழகினா இன்னும் சுலபமா வரும்.”

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. யோலந்த் உண்மை சொல்கிறாளா பொய் சொல்கிறாளா என்று கை இல்லாமலே கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்கு என் அடுப்படியில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தான். ஒருநாள் பிரெனெத்தும் அவள் ஓரகத்தியும் ஒரே ரொட்டிக்கு அடித்துக்கொண்டார்கள். மாவில் அடையாளத்துக்குக் கீறிய வீட்டுக்குறி வேகும்போது வெடித்து அழிந்துவிட்டது.

“இது என்னோடது சாமி. என் மாவு எப்பவும் இப்படித்தான் பொங்கும்” என்றாள் பிரெனெத்.

“பொங்கும், பொங்கும். உன் வாய்தான் பொங்கும். உன் ரொட்டியை நாய் தின்னாகூடப் பல்லு உடையும்” என்றாள் ஓரகத்தி.

தோரிமோன் முதலில் பிரெனெத்தின் முகத்தைப் பார்த்தான். சரிதான் என்று தலையாட்டினான். அடுத்து ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தான். அதற்கும் தலையாட்டினான். திருவீரர் தலையாட்டிவிட்டார் என்று இருவரும் ரொட்டியின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். நான் கத்தியால் இரண்டாக வெட்டி இருவரையும் விரட்டினேன்.

“ரெண்டு பேரும் உண்மைதான் சொன்னாங்க” என்றான் அவன்.

“ஒருத்தி புளுகினாடா.”

“எவ?”

“எனக்கென்ன தெரியும்?”

“அப்போ நீங்கள்லாம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்க?”

“முகத்தைப் பார்ப்போம். கேப்போம். மறுபடியும் கேப்போம். பாதி நேரம் ஏமாந்து போவோம்.”

“ஏமாந்தா?”

“ஏமாந்துட்டோம்னு இருப்போம். சாப்பிடுவோம், தூங்குவோம். ஒரு சொட்டுகூடக் குடிக்கலைன்னு எம் புருஷன் சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தான்.”

“நம்பினியா?”

“நம்பணும்னு ஆசைப்பட்ட நாள்ல நம்பினேன்.”

அவனுக்கு இது புரியவில்லை. முகத்தில் தெரிந்தது. அவன் வாழ்நாளில் எதையும் நம்பவேண்டிய அவசியமே வந்ததில்லை. எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆண்டவர் இருக்கிறாரா என்ற சந்தேகம் எங்களுக்கெல்லாம் ஆட்டுக்கு நோய் கண்ட வருஷம் வந்து போகும். அவனுக்கோ ஆண்டவர் கையிலேயே இருந்தார். இப்போது திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்கிறான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் மத்தியானம் யோலந்துக்கு ரொட்டியும் முட்டைக்கோஸ் சூப்பும் எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனேன். அவனும் கூட வந்தான். கல் தரையில் ஆட்டுத்தோலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“சாமி! வந்துட்டீங்களா? எனக்கு இப்ப பயமே போயிடுச்சு. உங்க கை சொல்லிடும்.”

தோரிமோன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான், பிரெனெத்தைப் பார்த்தது போலவே. அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

“நீ… அன்னைக்கு…” என்று ஆரம்பித்தான்.

அவள் திடுக்கிட்டுப் போனாள். “சாமி, என்கிட்ட கேக்கறீங்களா? கை இருக்கும்போது எதுக்குக் கேக்கணும்? நான் தப்பா எதையாவது சொல்லி அது கெட்டுப்போயிடப் போகுது. வேண்டாம் சாமி. திருநாளன்னைக்கு வெச்சுக்கலாம். இன்னும் கொஞ்ச நாள்தானே.”

அந்த வருஷம் பனித் திருநாளுக்காக ஆசையோடு காத்திருந்தவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்:

“குதிரையைப் பூட்டிக்கிட்டுக் கிளம்பு. கணவாய் இன்னும் மூடலை.”

“நான் போயிட்டா அவ?”

“கை இல்லைன்னா வெளிய அனுப்பிடுவாங்க.”

“நான் இருந்தா?”

“கை இருட்டா இருக்கும். அப்பவும் அனுப்புவாங்க.”

“அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?”

“அவளுக்கு ஒண்ணுதான். உனக்கு இல்லடா! இருட்டுக் கையோட திருவீரன்னு நின்னேன்னு தெரிஞ்சா கல்லெடுத்து அடிப்பாங்க. சபையும் உன்னைத் தெரியாதுன்னு சொல்லிடும். எனக்கு அவ முக்கியமா, நீ முக்கியமா?” முப்பது வருஷத்துக்கு மேல் இல்லாமல் இருந்தவன், இப்போதுதான் மூக்குச் சிந்தக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனைப் பனியிலோ கல்லிலோ பறிகொடுக்க எனக்கு மனசில்லை. யோலந்தை நினைத்துப் பார்க்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். பொல்லாதவள் என்றால் பொல்லாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

“அவ பண்ணியிருந்தா?” என்று அவன் கேட்டான். “நிஜமாவே அவதான் அணைச்சிருந்தா?”

“அப்போ அனுப்பட்டும்.”

“பண்ணலைன்னா?”

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். அவன் கிளம்பவில்லை. போவது என்று முடிவு செய்தானா, இருப்பது என்று முடிவு செய்தானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒருநாள் சேணத்தை எடுத்துக் குதிரைமேல் வைப்பான். சாயங்காலம் கழற்றி மாட்டுவான். அந்தக் குதிரைக்கே குழப்பமாக இருந்திருக்கும். அப்படியே பனி விழுந்தது, கணவாய் மூடியது.

பனித் திருநாளன்று காலை கோயில் முற்றத்தில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. வழக்கமாகத் தேன்ரொட்டி கேட்டு நச்சரிக்கும் பிள்ளைகள்கூட வாய் திறக்கவில்லை. கோந்த்ரான் படிமேல் நின்றார். மணிக்கயிறு ஒருத்தன் கையில் தயாராக இருந்தது. யோலந்த் தலைசீவி, முக்காட்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நல்ல காரியத்துக்குப் போகிறவள் மாதிரி நடந்து வந்தாள்.

தோரிமோன் துணிக்கட்டை அவிழ்த்தான். புண் ஆறி, உள்ளங்கை முழுக்கச் செந்தோல் இழுத்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்றவர்கள் அதைப் பார்த்து, தவத்தின் தழும்பு என்று பயபக்தியோடு முணுமுணுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு தரம், இந்த ஒரு தரம் மட்டும் என்று ஆண்டவரிடம் கெஞ்சினேன்.

அவள் தன் கையை அவன் கையில் வைத்தாள். ஊருக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

“நான் விளக்கை அணைக்கலை.”

ஒன்றும் நடக்கவில்லை. பனி விழுந்துகொண்டிருந்தது. கை இருட்டாகவே இருந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி “ஐயோ” என்றாள். கோந்த்ரான் தலையைக் குனிந்துகொண்டார். யோலந்த் சத்தம் போடுவாள், அழுவாள், மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த இருட்டுக் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

“அப்போ நான்தானா?” என்றாள். “நான்தான் அணைச்சேனா? எனக்கு ஞாபகமே இல்லையே…”

அப்படிச் சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கோந்த்ரானைப் பார்த்தாள். அவளை யாரும் பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கை சொல்லிவிட்டது, அவள் ஞாபகம்தான் தப்பாக இருக்க வேண்டும் என்று நடக்கத் தொடங்கிவிட்டாள்.

“இல்லை!” என்று தோரிமோன் கத்தினான். “நில்லு! நில்லு!”

அவள் கையை இழுத்துத் தன் கையில் மறுபடி வைத்துக்கொண்டான். “என் பேர் தோரிமோன்” என்றான். கை இருட்டாகவே இருந்தது. “அதோ நிக்கிறது என் அக்கா.” இருட்டு. “இது பனி. மேல இருந்து விழுது.” இருட்டு. அவனுக்கு மூச்சு வாங்கியது. “பாத்தீங்களா? எல்லாம் உண்மைதானே? எதுக்கும் வெளிச்சம் வரலை. அவ பொய் சொல்லலை. என் கைதான் செத்துப்போச்சு. அறுவடைக்கு முன்னாடியே போயிடுச்சு. இது தவம் இல்லை, ரொட்டி எடுக்கப் போய்ச் சுட்டுக்கிட்டது.”

ஊருக்குக் கோபம்தான் வரும் என்று பயந்து அவனுக்கு முன்னால் போய் நின்றேன். ஆனால் யாருக்கும் கோபப்படவே தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரெனெத் தன் ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவன் அதை அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் மேலே பார்த்தான்.

“அப்போ…” என்றார் கோந்த்ரான். “இப்போ எப்படித் தெரிஞ்சுக்கறது? இவ பண்ணினாளா இல்லையான்னு சாமி உங்களுக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“எங்களுக்கும் தெரியாது. அப்போ யாருக்குத்தான் தெரியும்?”

“அவகிட்ட கேளுங்க” என்றான் தோரிமோன்.

“கேக்கறதா?” கோந்த்ரான் மிரண்டுபோனார். “என்னன்னு கேக்கறது?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு கேளுங்களேன்யா! நாக்கு இருக்கில்ல!”

கோந்த்ரான் தொண்டையைச் செருமினார். மூன்று தலைமுறைக்குப் பிறகு வால்சேரில் ஒரு வழக்கில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. சின்னக் குழந்தை நடக்கப் பழகுவது போல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“யோலந்த்… அன்னைக்கு… என்னம்மா நடந்துச்சு?”

அவள் அவரைப் பார்த்தாள். தன்னிடம் ஒருவர் கேட்டுவிட்டார் என்பதை நம்பச் சற்று நேரம் ஆயிற்று அவளுக்கு. அப்புறம் பேச ஆரம்பித்தாள்.

“ஒண்ணும் நடக்கலைய்யா. நான் விளக்கையேதான் பாத்துட்டிருந்தேன். தூங்கலை. காத்து அடிக்கலை. யாரும் வரலை. எண்ணெய் நிறைய இருந்துச்சு. திடீர்னு சுடர் சின்னதாச்சு. இன்னும் சின்னதாச்சு. அப்புறம் இல்லை. நான் பக்கத்துலகூடப் போகலை.” அவள் குரல் தாழ்ந்தது. “அதுக்கப்புறம் மணிக்கூண்டுல உக்காந்து தினமும் யோசிச்சேன். நான் என்ன பண்ணினேன்னு. அன்னைக்கு அவர்மேல கோவமா இருந்தேன். ஒரு ஆட்டுக்காகப் போய்ச் செத்தாரேன்னு மனசுக்குள்ள திட்டினேன். அதனாலதான் போயிடுச்சோ? இல்லை, வரும்போது காலைத் துடைக்காம வந்துட்டேன், அதனாலயோ? எதுன்னு தெரியலை. எதுவா இருக்கும் சாமி?”

என் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். முட்டை, நொண்டிக் குதிரை, ஜெபத்தில் தூக்கம்.

“எதுவும் இல்லைம்மா” என்றான் அவன். “புருஷன் செத்தா கோவம் வரும். அதுக்கெல்லாம் போகாது. நீ ஒண்ணும் பண்ணலை. அதுவா அணைஞ்சுது. சில சமயம் அதுவாவே அணைஞ்சிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. காலையில கையுறையை மாட்டினேன், உள்ள இருட்டா இருந்துச்சு.”

“உங்களுக்கு எப்படி உறுதியா தெரியும்?” என்று கோந்த்ரான் கேட்டார். ஒரு கேள்வி கேட்டவருக்கு இரண்டாவது தானாக வந்துவிட்டது.

தோரிமோன் யோசித்தான். “தெரியாது” என்றான். “நம்புறேன்.”

அந்தச் சொல்லை அவன் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் போய் யோலந்தின் தோளில் என் சால்வையைப் போட்டேன். “நானும் நம்புறேன்” என்றேன். பிரெனெத்தும் ஏதோ சொன்னாள். அவள் சொன்னதால் ஓரகத்தி எதிர்ப்பாளோ என்று பார்த்தேன், அவளும் தலையாட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிலர் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள், இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கோந்த்ரான் எல்லோரையும் பார்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்திருந்தவனிடம் மணியை அடிக்கச் சொன்னார். மணி அடித்தது. யோலந்த் ஊர் எல்லைக்குள்தான் நின்றிருந்தாள்.

அவள் இன்னும் தோரிமோனின் கையை விடவில்லை. அதைப் புரட்டி அந்தத் தழும்பைப் பார்த்தாள். எல்லாரும் கேட்கப் பழகிவிட்ட அந்தக் காலையில் அவளுக்கும் ஒரு கேள்வி வந்தது.

“நான் ஒண்ணும் பண்ணலைன்னா, நீங்க மட்டும் என்ன சாமி பண்ணியிருப்பீங்க?”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். முட்டையைச் சொல்லப்போகிறான், குதிரையைச் சொல்லப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். வாய் திறந்தபடியே நின்றது. கண்ணில் நீர் முட்டியது, மூக்கு ஒழுகியது. யாரும் சொல்லாமலே முன்னங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“ஒண்ணும் பண்ணலைம்மா” என்றான். “நானும் ஒண்ணும் பண்ணலை.”